கட்டைவிரல் போட்டவர்கள்

எங்கள் குரும்பலூர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கூட்டம் என்று போட்டால் கட்டைவிரல்கள் குவியும். போன கூட்டத்துக்கு நேரில் வந்தது ஒன்பது பேர். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் தொடங்கவே 7 பேர் போதும். அந்தக் கணக்கில் தேறிவிட்டோம்!

தப்பு எங்கள் மேல்தான். சின்ன வெங்காயம் பிடுங்குகிற நேரத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்? வந்தவர்களுக்கும் வரவு செலவு வாசித்து, டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். ஒருத்தரையும் பேசச் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு அண்ணனிடம், "மரக்கன்றுக்குத் தண்ணி ஊத்துறது உங்க பொறுப்புண்ணே" என்றேன். சந்தா கேட்டால் ஒதுங்கிப் போகிறவர். மறுநாள் விடியலில் குடத்தோடு நிற்கிறார், மகனையும் கூட்டிக்கொண்டு.

அடுத்த கூட்டம் ஞாயிறு இரவு 7 மணிக்கு. டீ உண்டு. வரவு செலவை இந்தமுறை உங்களில் ஒருவர் வாசியுங்கள்.