பிள்ளைக்கு மட்டும் ஏன் வேற ஓடர்?



பெருநாள் வந்தால் குடும்பத்தோடு கடைக்குச் சாப்பிடப் போவது இப்போது நம் ஊர்ப் பழக்கம். போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை மெயின் ரோட்டில் எத்தனை கடைகள்! நாங்களும் போகிறோம், பிள்ளைகளோடுதான் போகிறோம்.

ஆனால் அங்கே மேசைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. பெரியவர்களுக்குச் சோறு, மீன், கோழிக்கறி, சலாது எல்லாம் வருகிறது. பிள்ளைக்கு மட்டும் சிப்ஸ், நகட்ஸ், ஒரு சோடா. "அவன் வேற ஒண்டும் தின்னமாட்டான்" என்கிறார் உம்மா. வீட்டில் பருப்பும் மீனும் தின்னும் பிள்ளைதான் அது! பக்கத்தில் மூத்தம்மா தன் சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டுக்கொண்டே பேரனுக்கு சோடாவை ஊற்றிக் கொடுக்கிறார். நம் ஊரில் அந்தக் குளிசை இல்லாத வீடு எத்தனை?

நாம் சஹனைச் சுற்றியிருந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள். சஹனில் பிள்ளைக்கு வேறு, பெரியவருக்கு வேறு என்று இல்லை. உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது சாப்பாட்டுத் தட்டில் அவர்களின் கை அங்குமிங்கும் போனது. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலது கையால், பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ். பெரியவரோடு ஒரே தட்டில் இருந்ததால்தானே அந்தப் பிள்ளை அதைப் படித்தது?

சோடா பற்றியும் சொல்ல வேண்டும். 2016 ஓகஸ்ட் முதல் நம் நாட்டில் சோடாப் போத்தல்களில் நிற வட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். செம்மஞ்சள்தானே என்று நிம்மதியாக இருக்க முடியாது. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் என்றால், 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம். ஏறத்தாழ 10 தேக்கரண்டி சீனி! பிளேன்டீக்கு யாராவது இப்படிப் போடுவோமா? கிளாஸில் ஊற்றி வரும் ஜூஸுக்கோ அந்த வட்டமும் கிடையாது. "சீனி போடாம தாங்க" என்று நாமே சொல்ல வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் செய்வது இவ்வளவுதான். உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர். "என்ன வேணும்?" என்று கேட்பதில்லை, "மீனா, கோழியா?" என்று கேட்கிறோம். எங்கள் சோற்றிலிருந்தே பிள்ளைக்கு எடுத்து வைக்கிறோம், உறைப்பில்லாத கறி ஒன்றும் சேர்த்துச் சொல்கிறோம். கொத்து என்றால் கரட், லீக்ஸ், கோவா கூடப் போடச் சொல்கிறோம். நம் கண் முன்னால்தானே கொத்துகிறார்கள், சொன்னால் போடுகிறார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்று பிள்ளை சொன்னால் அதோடு விட்டுவிடுகிறோம். "சோற்றை முடிச்சா ஐஸ்கிரீம்" என்ற பேரமும் இல்லை. வகுப்பறையில் பார்ப்பதுதான்: பரிசு என்று எதைக் காட்டுகிறோமோ அதுதான் பிள்ளைக்குப் பெரிதாகிவிடும்.

இந்தக் குழுவில் கடை நடத்தும் நானாமாரும் இருக்கிறீர்கள். அரைச் சோறு, மரக்கறி, ஒரு துண்டு மீன், உறைப்புக் குறைவாக. இதற்கு ஒரு விலை போட்டு போர்டில் எழுதுங்களேன். எழுதிய கடையின் பெயரைக் கீழே போடுங்கள், இன்ஷா அல்லாஹ், பெருநாளைக்குப் பிள்ளைகளோடு வருகிறோம்.