வெடித்த தரை

லீவு நாளில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு புக்கிட் மேரா ஏரிக்குப் போகிறவரா நீங்கள்? நானும்தான். கிரியான் வயல்களுக்காக 1906-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. மழை பொய்த்த மாதங்களில் வயலுக்குத் திறந்துவிடத் திறந்துவிட, தண்ணீர் கரையை விட்டு விலகிக்கொண்டே போகும். சூடேறிய நீரில் பிராணவாயு குறையும். வெயில் ஏறினால் மற்ற மீன்கள் ஆழத்தைத் தேடும். விராலோ மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்தக் குமிழியைப் பார்த்துத்தான் என் அப்பா தவளைக் குஞ்சைக் கோத்து வீசுவார்.

அதை மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அதுதான் வினையாயிற்று. தூண்டில் எட்டவில்லையென்று ஒரு பையன் நீர் வற்றிய தரையில் இறங்கி ஓடினான். மேலே வெடித்துக் காய்ந்த மண், அடியில் சேறு. தொடைவரை புதைந்துவிட்டான். உதற உதற இன்னும் இறங்கினான்.

"ஆடாதேடா! பின்னால் சாய்ந்து படு!"

படகுப் பலகையைப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து அவனை இழுத்தேன். அவன் சப்பாத்து இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

செம்பனைக் காட்டிலிருந்து வந்த அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாத்தியாரோடதானே போனான்" என்றார்.

இப்போதெல்லாம் தூண்டிலோடு ஒரு மூங்கில் கழியும் கொண்டுபோகிறேன். தரையைக் குத்திப் பார்த்த பிறகே பையன்களை விடுகிறேன்.