மீந்திருக்கும் வலுவும் அமானிதமே



நம் நெல்லிக்குப்பத்தில் ஒருவருக்கு ஒரு பக்கத்துக் கைகால் தளர்ந்துவிட்டால், ‘பாரிசவாதம்’ என்று ஒரே சொல்லில் கூறிவிடுகிறோம். மருத்துவர்களோ இரு சொற்களை ஆள்கின்றனர். அசைவு அறவே அற்றுப்போனால் அது ‘ஹெமிபிளீஜியா’. வலு குறைந்து, அசைவு ஓரளவேனும் மீந்திருந்தால் அது ‘ஹெமிபரேசிஸ்’.

தசையின் வலுவை அவர்கள் 0 முதல் 5 வரை அளக்கின்றனர். 0 என்றால் தசையில் துடிப்பே இல்லை. 3 என்றால் உறுப்பைத் தானே மேலே உயர்த்த இயலும். 5 என்றால் முழு வலு. இடைப்பட்ட நிலைகள் யாவும் பரேசிஸே. இன்று 0 என்பதும் இறுதித் தீர்ப்பன்று. முதல் சில மாதங்களில் பலருக்கு அசைவு திரும்புவதுண்டு.

இவ்வேறுபாட்டை அறியாத இல்லங்களில் பாசமே தடையாகிவிடுகிறது. கரண்டியைப் பிடிக்கக்கூடிய வாப்பாவுக்கு நாமே ஊட்டிவிடுகிறோம். பிடித்துக்கொண்டு நிற்கக்கூடிய உம்மாவைப் படுக்கையிலேயே கிடத்துகிறோம். பயன்படுத்தாத தசையோ மேலும் மெலிகிறது, மூட்டு இறுகுகிறது. பிசியோதெரபி என்பது மீந்திருக்கும் அசைவைத் திரும்பத் திரும்பப் பழக்குவதேயாகும்.

மார்க்கமும் இதே வழியையே காட்டுகிறது. மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) தொழுகை குறித்து வினவியபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இயலாத ஒன்றிற்காக இயன்றது நீங்கிவிடாது என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த விதி. ஆகவே, நோயாளியின் தொழுகையை நாமே ‘கடமையில்லை’ என்று தள்ளிவிடலாகாது. உளூச் செய்ய உதவுவோம். நாற்காலியைக் கிப்லா நோக்கி இடுவோம்.

மற்றொன்றையும் நினைவிற்கொள்வோம். ‘கை சற்றுத் தளர்ச்சிதானே, எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருத்தல் பெரும் ஆபத்து. திடீரென வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கை வலுவிழந்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மூளைக் குழாயில் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டியது. ஸ்கேன் எடுத்த பின்னரே அதைப் போட முடியும்.

உடல் வலு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதில் பாதி குறைந்தாலும், மீதி அமானிதமாகவே நீடிக்கிறது. நோயுற்றோர் அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.