யாரை எழுதினேன்?

பல்கலைக்கழகத்திற் பயின்ற நாட்களில் ஒரு கொப்பி நிறையக் கதைகள் எழுதினேன். மாந்தர் என் படைப்பல்லர். 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் விண்கப்பல் தலைவன் கேர்க், அவன் தோழன் ஸ்பொக் ஆகியோரின் கதையைத் தொடர் விட்ட இடத்திலிருந்து வளர்த்துச் சென்றேன். அவர்களுடைய நட்பு என் எழுத்தில் மெல்லக் காதலாயிற்று.

வாசித்த தோழி கேட்டாள்: "ஏன் ஆண்களையே எழுதுகிறீர்? ஒரு பெண்கூட இல்லையே!"

"ஆண்கள்மேலுள்ள கவர்ச்சிதான்" என்று மழுப்பினேன். அது பொய்யன்று; முழு உண்மையுமன்று.

1966இல் தொடங்கிய அத்தொடரின் இரசிகர்கள் தட்டச்சிட்டுப் படியெடுத்துத் தபாலிற் பரிமாறிய சிற்றிதழ்களில், இத்தகைய கதை 1974இலேயே வெளிவந்ததெனப் பின்னர் அறிந்தேன். இவ்வகைக் கதைகளை எழுதியோரிற் பெரும்பாலார் பெண்களே. கவர்ச்சி ஒன்றே காரணமாயின், ஒரு பெண்ணைப் படைத்து அந்த ஆணோடு இணைத்திருக்கலாமே? அவ்வாறு எழுதியோரும் உளர். ஆனால், குறையேயற்ற அந்நாயகியரை 1973இல் ஒரு நையாண்டிக் கதை 'மேரி சூ' எனப் பெயரிட்டு நகைத்தது. அப்பெயர் வசையாக நிலைத்தது. கேர்க்கின் அசாத்திய வீரத்தை அத்தனை எளிதில் எவரும் நகைப்பதில்லை.

தொடரின் வரலாற்றைப் படித்தபோது மேலும் தெளிந்தேன். 1964இல் எடுக்கப்பட்ட முதல் மாதிரிப் படத்திற் கப்பலின் இரண்டாம் அதிகாரி ஒரு பெண்; உணர்ச்சிக்கு இடங்கொடாத கூர்மதி அவளுடையது. தொலைக்காட்சி நிறுவனம் அப்படத்தை ஏற்கவில்லை. தொடர் உருவானபோது அவள் இல்லை. அவளது பதவியும் குணமும் ஸ்பொக்கைச் சேர்ந்தன. அதே நடிகை தாதியாக வந்தார், ஸ்பொக்கை ஒருதலையாகக் காதலிக்கும் தாதியாக! ஊஹுரா என்ற பெண் அதிகாரி இருந்தாள். பெரும்பாலும் செய்தி வாங்கிக் கொடுப்பதே அவள் பணி.

ஸ்பொக்கிடம் நான் விரும்பியது ஒரு பெண்ணிடமிருந்து பறித்த குணம். அவனை அடைவதைவிட அவனாக இருக்கவே விரும்பினேன் போலும். சிந்திக்கவும் தீர்மானிக்கவும் சமநிலையில் நட்புக் கொள்ளவும் உரிமை பெற்றோர் ஆண்களாகவே இருக்கும் கதையில், எழுதுபவள் யாரைத் தேர்வாள்? தேர்வது மனம்; தேர்வதற்கென முன்னே வைப்பது சமூகம்.

அண்மையில் அக்கொப்பியைத் தேடியெடுத்தேன். அந்த இரண்டாம் அதிகாரியை நாயகியாக்கி ஒரு கதை தொடங்கினேன். இரண்டாம் பக்கத்திலேயே அவள் தலைவனை நினைந்து அழுதாள். அவளை அழவைத்தது என் பேனாதான். அப்பக்கத்தைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.