இந்தச் சூடு யார் வீட்டுக்குப் போகிறது?

நாகபுரியின் கோடையை அறிந்த அன்பர்களுக்கு அதனை வருணிக்க வேண்டுவதில்லை. மே மாதத்தில் 45 டிகிரி என்பது இங்கே வியப்பன்று. ஊரிலிருந்த அன்னையாரோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் நாங்கள் ஆரஞ்சுப் பழத்தின் அருமையைச் சொன்னோமேயன்றி வெயிலின் கொடுமையைச் சொன்னதில்லை. சொன்னால் இங்கே வரத் தயங்குவார் என்ற அச்சமே காரணம்.

தந்தையார் மறைந்தபின், சென்ற ஆண்டுக் கோடையின் தொடக்கத்தில், அன்னையார் எங்களோடு வந்து சேர்ந்தார். வயது எழுபத்திரண்டு. எங்கள் குடித்தனமோ மேல்மாடியில். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கூரை இரவெல்லாம் அதனை உமிழும். ஆகவே கடன்பட்டு, பழைய ஏர்கண்டிஷனர் ஒன்றை வாங்கினோம். அதனை 18 டிகிரியில் வைத்தபோது, பெற்ற கடன் தீர்ந்ததுபோல் ஒரு நிம்மதி.

மூன்றாம் நாள் இரவு விழித்துப் பார்த்தால் அன்னையார் பால்கனியில் நிற்கிறார்.

"ஏனம்மா, தூக்கம் வரவில்லையா?"

"உள்ளே குளிர்ச்சி சரிதானப்பா. வெளியே அனலா வீசுதே, இந்தச் சூடு யார் வீட்டுக்குப் போகுது?"

எட்டிப் பார்த்தோம். இயந்திரத்தின் வெளிப்பெட்டியைத் தாழ இறக்கி மாட்டியிருந்தனர். கீழ்வீட்டுச் சன்னலுக்கு ஒரு முழமே இடைவெளி. அங்கே குடியிருப்பவர் மராட்டியப் பெரியவர். மின்விசிறி ஒன்றே அவருக்குத் துணை. அவர் எங்களிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

மறுநாள் அலுவலகத்திலும் அக்கேள்வி எங்களை விடவில்லை. நாங்கள் வேலை பார்ப்பது ரயில்வேயின் சரக்குப் பகுதியில். ரயில்வே சுமக்கும் சரக்கின் எடையில் ஏறக்குறையப் பாதி நிலக்கரி. ஒரு சரக்கு வண்டி சுமார் 4,000 டன் ஏற்றிச் செல்லும். நகருக்கு வடக்கே கோராடியிலும் காப்பர்கேடாவிலும் உள்ள அனல் மின்நிலையங்கள் அந்நிலக்கரியை எரித்தே மின்சாரம் ஆக்குகின்றன. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 650 கிராம் நிலக்கரி. அதனால் வெளியேறும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு கிலோ. எங்கள் இயந்திரம் ஓர் இரவில் 12 யூனிட் தின்றது. கணக்குப் போட்டோம்: ஓர் இரவுத் தூக்கத்துக்கு எட்டுக் கிலோ நிலக்கரி! நிலக்கரியால் சம்பளம் பெறுகிறவர் அதனைப் பழிப்பது நன்றியன்று. ஆயினும் கணக்கெழுதுகிறவர் கணக்கை மறைப்பதும் முறையன்று.

கரியமில வாயு அடுப்புப் புகைபோல் அன்றே கலைந்து விடுவதில்லை. பூமியைச் சுற்றிப் போர்வையாய் நின்று வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது. கீழ்வீட்டுச் சன்னலில் நாங்கள் ஊதிய சூடு கைக்குத் தெரிந்தது. உலகத்தின் சன்னலில் ஊதியது தெரியவில்லை. அவ்வளவே வேற்றுமை.

முதலில் வெளிப்பெட்டியை மொட்டைமாடிக்கு மாற்றினோம். இயந்திரத்தை 26 டிகிரிக்கு உயர்த்தி, விசிறியையும் சுழல விட்டோம். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பின் மதிப்பீடு. புதிய இயந்திரங்கள் 24 டிகிரியிலேயே தொடங்க வேண்டுமென்பது 2020 முதல் விதியாகவும் உள்ளது.

ஆனால் கூரையின் சூட்டை ஒரு வீட்டார் மட்டும் என்ன செய்ய இயலும்? கூரை பன்னிரண்டு குடித்தனங்களுக்கும் பொது. இவ்வாண்டு மார்ச்சு மாதம் அனைவரையும் கூட்டி, மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம் என்றோம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். "மேல்மாடிக்காரர் நால்வருக்குத்தானே நன்மை? நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. எங்களுக்கு விடை வரவில்லை.

கீழ்வீட்டுப் பெரியவர் எழுந்து மராத்தியில் சொன்னதன் பொருள் இது: "மேல்வீடு காய்ந்தால் இயந்திரம் ஓடும். இயந்திரம் ஓடினால் சூடு எல்லாருக்கும் வரும்." முதல் பங்கை வைத்தவரும் அவரே. எங்கள் தலை தாழ்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழர், மராட்டியர், தெலுங்கர் எல்லாருமாகக் கூடிச் சுண்ணாம்பு அடித்தோம். வெப்பமானியில் பார்க்க, எங்கள் அறையின் சூடு இரண்டு மூன்று டிகிரி தணிந்திருந்தது. பெரும்பாலான இரவுகளுக்கு வெட்டிவேர்த் தட்டி வைத்த கூலரே போதுமாயிற்று. மிகக் கொடிய இரவுகளில் ஏர்கண்டிஷனரையும் போட்டோம், மறைக்கவில்லை. முதியவரை வேகவிட்டு உலகைக் காப்பதாகச் சொல்வது அறமன்று. எனினும் மின் கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கிற்று.

2070-க்குள் கரியமில வாயுக் கணக்கை நேர்செய்வதாக 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா உறுதி கூறியது. மின்நிலையங்களை மாற்றுவது அரசின் பணி. மொட்டைமாடி நம் கையில் இருக்கிறது. சங்கத்து அன்பர்கள் அடுத்த கோடைக்கு முன் தத்தம் அண்டை வீட்டாரை ஒருமுறை கூட்டிப் பேசுவார்களாக!

இப்போதும் அன்னையார் படுக்குமுன் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்க்கிறார். "கீழ்வீட்டு அண்ணன் தூங்கிட்டார்ப்பா" என்று சொல்லிவிட்டே விளக்கை அணைக்கிறார்.