கேட்கிறதா?

டிரங்க் கால் காலத்தில், எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்மணி இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டு, "பேசுங்கள்" என்பாள். 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நேரே டயல் செய்யும் வசதி வந்தது. அன்று முதல் அவள் வேலை மெல்ல மெல்ல நம் தலையில் விழுந்துவிட்டது. இண்டர்நெட்டில் பேசும் இந்நாளில் முழுக்க முழுக்க நம்முடையதே. ஆனால் சகோதரிகளே, அதை நாம் செய்கிறோமா?

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் என் அத்தை இருக்கிறாள், மகள் சிங்கப்பூரில். வேலை போய்விட்டதென்று மகள் ஒருநாள் போனில் அழுதாள். அத்தை ஆனமட்டும் ஆறுதல் சொன்னாள். ஒரு சொல்கூட அங்கே போய்ச் சேரவில்லை! "அம்மாவுக்குக் கோபம்" என்று மகள் போனை வைத்துவிட்டாள். "என் புத்திமதி கசந்துவிட்டது" என்று அத்தையும் சும்மா இருந்துவிட்டாள். இப்படியே பதினைந்து நாள்! கடைசியில் பார்த்தால், போனுக்கு வாங்கிய புதுப் பூப்போட்ட உறை, அடியிலுள்ள மைக் துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

அதே உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோவில் கல்வெட்டைப் பாருங்கள். 921-ல், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், குடவோலைத் தேர்தலுக்கு எழுதிய விதிகள் அவை. குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஒருவர் பெயரை வாசித்தால் போதாது. அங்குள்ள நம்பிமாரும் வாசிக்க வேண்டும். சொன்னது சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்கும் வழக்கம் அந்த மண்ணுக்குப் புதிதல்ல!

நமக்கும் இரண்டே நிமிஷ வேலைதான். போனிலேயே நாலு வார்த்தை பதிவு செய்து, திருப்பிப் போட்டுக் கேளுங்கள். மைக், ஒலிபெருக்கி இரண்டும் தெரிந்துவிடும். 2025-ல் மூடப்பட்ட ஸ்கைப்பில் இதற்கென்றே ஒரு சோதனைக் குரல் இருந்தது. பிறகு இணைப்பு. வெறும் பேச்சுக்கு வினாடிக்கு 100 கிலோபிட் இருந்தாலே போதும். வேகத்தைவிடத் தடங்கலின்மைதான் முக்கியம். குரல் போய்ச்சேர 150 மில்லி செகண்டுக்கு வெகுவாக மேற்பட்டால், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவதாகத் தோன்றும். ஆகவே சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரத்தில் உட்காருங்கள். அந்த நேரம் பிள்ளைகள் சினிமாப் பார்ப்பதைச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்படியும் எதிர்முனையில் மௌனமா? மனஸ்தாபம் என்று நினைத்துவிடாதீர்கள். உடனே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: "உன் குரல் எனக்குக் கேட்கவில்லை, என் குரல் உனக்குக் கேட்கிறதா?"