கொச்சி முதல் கோடி வரை

பேராவூரணிப் பகுதியில் பிறந்து வளர்ந்த எமக்கு மலை என்பது படத்தில் கண்ட பொருள். வீட்டைச் சுற்றித் தென்னை. தென்னைக்கு அப்பால் வயல். வயலுக்கு அப்பால் கடல். இவ்வளவே எமது உலகம். 1934ஆம் ஆண்டில் மேட்டூர்த் திட்டத்தோடு கல்லணைக் கால்வாய் திறக்கப்பட்ட நாள்தொட்டு, அதன் கடைமடையில் நின்றுகொண்டு, தண்ணீர் வருமா என்று மேற்கு நோக்கிப் பார்ப்பதே எம் முன்னோரின் தொழிலாயிற்று. எமக்கும் அதுவே தொழில். அந்த மேற்கில் என்னதான் இருக்கிறது என்று ஒருமுறையேனும் போய்ப் பார்த்துவர வேண்டும் என்னும் ஆவல் நெடுநாளாக எம் உள்ளத்தில் இருந்தது.

அதற்கு வழிகாட்டியது தொண்டியில் கண்ட ஒரு சாலை. எம் ஊரிலிருந்து கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல் எனக் கடலோரமாகவே இரண்டு மணி நேரம் சென்றால் தொண்டி வரும். அங்கே கடலுக்கு அண்மையில் வந்து முடிகிற நெடுஞ்சாலை எங்கே தொடங்குகிறது என்று விசாரித்தோம். கொச்சியில் என்றார்கள். அரபிக் கடலோரம் புறப்பட்டு, மலையேறி, இறங்கி, மதுரையைத் தொட்டு, எமது அண்டைக் கடற்கரையில் வந்து இளைப்பாறுகிறது அச்சாலை! சென்ற கோடை விடுமுறையில் எம் பங்கைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார், பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினொருவர், ஒரு வேனை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். எம்முடன் வந்தவர்களில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரும் இருந்தார். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் அவருடைய தென்னந்தோப்பு முழுவதையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அதன்பின் அவர் ஊரைவிட்டு வெளியே போக விரும்பியதில்லை. இம்முறை ஏனோ தாமாகவே வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

இந்தச் சாலையின் வரலாற்றை முதலில் சொல்லிவிடுவோம். கொச்சியிலிருந்து மூணாறு, போடிநாயக்கனூர், மதுரை, இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி வரை செல்வது 49ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்றே முன்னர் வழங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ 440 கிலோமீட்டர். 2010இல் நாடெங்கும் சாலை எண்களை மாற்றியபோது, கொச்சியிலிருந்து மதுரை, சிவகங்கை வழியாகத் தொண்டிக்கு வருவதற்கு 85 என்றும், மதுரைக்குக் கிழக்கே பிரிந்து தனுஷ்கோடிக்குப் போவதற்கு 87 என்றும் பெயரிட்டார்கள். எண் எதுவானாலும் மக்கள் அதை மூணாறு ரோடு என்றும் இராமேசுவரம் ரோடு என்றும்தான் அழைக்கிறார்கள். போகும்போது தொண்டிச் சாலையிலும், திரும்பும்போது தனுஷ்கோடிச் சாலையிலும் செல்வது என்று முடிவு செய்துகொண்டோம்.

பழைய காலத்தில் வடக்கேயிருந்து இராமேசுவரம் போவோர் எமது கடற்கரையைத்தான் மிதித்துக்கொண்டு போனார்கள். சேதுபாவாசத்திரம் என்னும் பெயரே அதற்குச் சான்று. தஞ்சை மராட்டிய மன்னர்கள் யாத்திரிகருக்காக வழிநெடுகச் சத்திரங்கள் எழுப்பினார்கள். ஒரத்தநாட்டின் முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெரியது. இரண்டாம் சரபோஜி, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காகக் கட்டிய மனோராவும் அதே கரையில்தான் நிற்கிறது. யாரோ எங்கோ பெற்ற வெற்றிக்கு எங்கள் மணலில் ஒரு கோபுரம்! சத்திரம் கட்டியவரையே நாம் அதிகம் நினைக்கிறோம்.

தொண்டிக்கு முன்பாகவே மேற்கே திரும்பி ஓரியூர் சென்று செபித்தோம். புனித அருளானந்தர் 1693ஆம் ஆண்டு பெப்ருவரி 4ஆம் நாள் வேதசாட்சியாகத் தலை வெட்டுண்டு இறந்த இடம். செம்மண் மேடு. பிள்ளைகள் அந்த மண்ணைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டார்கள். நாம் இங்கே குறிப்பிட விரும்புவது வேறொன்று. போர்த்துக்கல் நாட்டில் பிறந்த அருளானந்தர் கோவாவில் இறங்கி, மலையாளக் கரையின் அம்பழக்காட்டை அடைந்து, 1674இல் அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கால்நடையாகவே கடந்து தமிழகத்துக்குள் வந்தார். நெடுஞ்சாலையும் பாலமும் இல்லாத காலம். நாங்கள் வேனில் அமர்ந்து எந்தக் கடலைத் தேடிப் போகிறோமோ, அந்தக் கடலிலிருந்து இந்த மண்மேட்டுக்கு அவர் நடந்தே வந்திருக்கிறார். வண்டியில் இடம் போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் அதன்பின் முணுமுணுக்கவில்லை.

திருவாடானை, காளையார்கோவில், சிவகங்கை, மதுரை. இவை நம் வாசகர்கள் அறிந்த ஊர்கள், விரைந்து கடந்தோம். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் காற்று மாறிற்று. தேனியைக் கடந்து போடிநாயக்கனூரில் நின்றபோது தெருவெல்லாம் ஏலக்காய் மணம். ஊருக்குப் பின்னால் நீலச் சுவரைப்போல் மலை எழுந்து நின்றது. "இதுக்கு மேலயா நம்ம வண்டி போகப்போகுது?" என்று ஒரு சிறுவன் கேட்டான். எங்களுக்கும் அதே ஐயந்தான், சொல்லவில்லை.

அடிவாரத்திலிருந்து போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கீழேயுள்ள நிலம் சிறுத்துக்கொண்டே போகிறது. பத்தாம் வளைவில் இறங்கிப் பார்த்தோம். தோப்புகளும் கண்மாய்களும் தரையில் விரித்த பாய்போல் கிடந்தன. மேலே நாலாயிரம் அடிக்கும் அப்பால் மாநில எல்லை. அங்கே தமிழ்ப் பலகை முடிந்து மலையாளப் பலகை தொடங்குகிறது. ஆனால் பலகைதான் மாறுகிறதே தவிரப் பேச்சு மாறவில்லை. பூப்பாறையிலும் தேவிகுளத்திலும் மூணாற்றிலும் தேநீர்க் கடைக்காரர் முதல் கொழுந்து கிள்ளும் பெண்கள் வரை எம்மோடு தமிழிலேயே பேசினார்கள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் என்று எழுந்த வழக்கை நம் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

இந்த மலையின் கதை கொஞ்சம் விரித்துச் சொல்லத்தக்கது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். காட்டை அழித்துத் தேயிலை பயிரிட்டார்கள். அழித்தவரும் பயிரிட்டவரும் யார்? கங்காணிகள் கூட்டிவந்த தமிழ் ஏழைகள். போடிப் பக்கத்து ஒற்றையடிப் பாதைகளில் மூட்டையும் பிள்ளையும் சுமந்து ஏறியவர்கள். விளைந்த தேயிலையும் முதலில் கொச்சிக்குப் போகவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 1908இல் ஒரு சிறு இரயில் ஓடிற்று. அது டாப் ஸ்டேஷன் என்னும் உச்சிவரை தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுபோகும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடி; அதன்பின் தூத்துக்குடித் துறைமுகம். ஆக, மலையின் வாசல் அன்று கிழக்கே, தமிழகத்தை நோக்கித்தான் திறந்திருந்தது.

1924 சூலைத் திங்களில் பெய்த பெருமழை அதை மாற்றிற்று. கொல்லம் ஆண்டு 1099 ஆகையால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பர். சிறு இரயில் அடியோடு அழிந்தது. அது மீண்டும் கட்டப்படவேயில்லை. ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்கு வந்த பழைய பாதையும் அழிந்தது. ஆகவே வேறு வழி தேடி, நேரியமங்கலத்தில் பெரியாற்றின் குறுக்கே வளைவுப் பாலம் ஒன்று கட்டி 1935இல் திறந்தார்கள். சுர்க்கியும் சுண்ணாம்பும் கலந்து கட்டிய அப்பாலத்தின் வழியாகத்தான் நாங்களும் கொச்சிக்கு இறங்கினோம். பாலத்தின்மேல் வண்டியை மெல்லச் செலுத்தச் சொல்லி ஆற்றை நோக்கினோம். 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த அணை இந்தப் பெரியாற்றின் நீரைத்தான் தடுத்து மலைக்குக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்கிறது. நீருக்காக மேற்கே பார்ப்பவர்கள் எங்களைப்போல் வேறு மாவட்டங்களிலும் உண்டு என்று பெரியவர் சொன்னார்.

மூணாற்றில் ஓர் இரவு தங்கினோம். கார்மேல் அன்னை ஆலயத்தில் காலைத் திருப்பலி கண்டோம். ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் துறவி அல்போன்ஸ் அடிகள் 1898இல் தோட்டத் தொழிலாளருக்காகத் தொடங்கிய பங்கு இது. 2024இல் சிறு பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. பூசைக்குப்பின் வாசலில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் லயங்களைக் காட்டினார்கள். ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சிறு வீடுகள். வேலை உள்ளவரைதான் வீடு. ஓய்வு பெற்றால் வெளியேற வேண்டும். நாலு தலைமுறையாக மலையில் வாழ்ந்தும் தமக்கென ஒரு முழ நிலம் இல்லை என்றார்கள். 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் அமர்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவிட்டு, தாமே கேட்டு ஊக்கத்தொகை பெற்ற வரலாற்றைப் பெருமையோடு கூறினார்கள். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதையும், மாண்டவரும் காணாமற்போனவருமாக 70 பேர் மண்ணோடு போனதையும் சொன்னபோது அவர்கள் குரல் தாழ்ந்துவிட்டது. நாம் காலையில் அருந்தும் தேநீருக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

கொச்சியைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். கடலைக் கண்டோம், 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த பழைய கோவிலைக் கண்டோம், வந்த வழியே திரும்பினோம்.

மதுரைக்குக் கிழக்கே மானாமதுரையையும் பரமக்குடியையும் தாண்டினால் நிலம் வேறாகிறது. நம் முன்னோர் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. மழை மறந்த நிலமே பாலை என்றனர். வைகை பெரும்பாலும் மணலாகக் கூடவே வருகிறது. இருபுறமும் சீமைக்கருவேலம், இடையிடையே பனை. மலையில் எங்களை நனைத்த மேகம் இங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இராமநாதபுரம், மண்டபம், பிறகு பாம்பன். 1914இல் இரயில் பாலம் திறக்கப்பட்டும், 1988 அக்டோபர் 2ஆம் நாள் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை தீவுக்கு வண்டி போக வழியில்லை. இப்போது புதிய இரயில் பாலமும் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டு, கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதியை மேலே தூக்கிக்கொள்கிறது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். பெரியவர் மட்டும் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தனுஷ்கோடி! அன்று சென்னையிலிருந்து போட்மெயில் ஏறியவர் இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய்க் கொழும்பு சேர்வார். எம் பகுதியிலிருந்து அக்கரைக்குப் பிழைக்கச் சென்றவர் எத்தனையோ பேர் இம்மணலை மிதித்துத்தான் போயிருப்பார்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வந்த புயலும் அலையும் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் இரயிலை நூற்றுக்கு மேற்பட்டோருடன் விழுங்கின. அப்புயலில் மாண்டோர் ஏறக்குறைய 1,800 பேர் எனக் கணக்கிடுவர். வாழத் தகாத ஊர் என்று அரசு அறிவித்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2017இல்தான் அரிச்சல்முனை வரை சாலை போட்டார்கள்.

சாலையோரம் கூரையில்லாத கத்தோலிக்க ஆலயம் நிற்கிறது. பவளப் பாறைக் கற்சுவர்கள். பீடம் இருந்த இடத்தில் மணலும் வானமும். அங்கே முழந்தாளிட்டு இறந்தோருக்காக ஒரு பத்துமணி செபமாலை சொன்னோம். அருகே ஓலைக் குடிசை ஒன்றின் முன் சங்கும் சிப்பியும் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் பெரியவர் கேட்டார்:

"ஏம்மா, இவ்வளவு நடந்த பிறகும் இங்கேயே இருக்கீங்களே, பயமா இல்லையா?"

"எந்த ஊருங்கய்யா நீங்க?"

"பேராவூரணி."

"கஜாவுல தென்னையெல்லாம் போச்சே, அந்த ஊரா? அப்ப நீங்க எங்கய்யா போனீங்க?"

பெரியவர் விடை கூறவில்லை. சற்று நேரம் கழித்து, "எங்கேயும் போகலே, கன்னு வச்சிருக்கேன்" என்றார். "எத்தனை?" என்று அவள் கேட்டாள். "நூத்திருபது. மூணு வருஷமாச்சு. இன்னும் பாளை விடலே." அவள் குடிசைக்குப் பின்னால் அழைத்துச் சென்று, இரண்டு கடலுக்கும் நடுவே மணலில் கையால் தோண்டிய ஊற்றைக் காட்டினாள். இளநீர்போல் இனித்தது. புட்டி ஒன்றில் அவர் அதை நிரப்பிக்கொண்டார்.

அரிச்சல்முனையில் சாலை வட்டமாக வளைந்து முடிகிறது. பொழுது சாயுமுன் எல்லாரும் வெளியேறும்படி காவலர் விரட்டினார்கள். இராமநாதபுரம், தேவிபட்டினம், தொண்டி எனக் கரையோரமாகவே வந்து, நள்ளிரவு கடந்து ஊர் சேர்ந்தோம். பெரியவரைத் தோப்பு வாசலில் இறக்கிவிட்டோம். வீட்டுக்குப் போகாமல் கைவிளக்கை எடுத்துக்கொண்டு கன்றுகளின் பக்கம் நடந்தார். அந்தப் புட்டி அவர் கையிலிருந்தது.